கண்ணாடி ஏன் மூடியது: ஒரு வாடகைக் காரின் குளிரூட்டி குறித்த நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் உபி வட்டாரப் பட்டறைகளில் கார் குளிரூட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறேன். என்னிடம் வரும் புகார்களில் கணிசமானவை எந்தப் பாகமும் கெடாமலேயே வருபவை. அவற்றுள் ஒன்றை முழுமையாக எழுதி வைக்க விரும்பியதற்குக் காரணம், அதில் ஒரு விபத்து மயிரிழையில் தவறியதும், அந்த வண்டியை முதன்முறை பார்த்தபோது நானே அதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் திருப்பி அனுப்பியதும்தான்.

வண்டி ஏழு பேர் அமரக்கூடிய ஜப்பானிய ஹைபிரிட் வகை, ஏழு வயது. அதை ஓட்டுபவர் ஐம்பத்தெட்டு வயதான தனியார் வாடகைக் கார் ஓட்டுநர். அவரை நான் அண்ணன் என்றுதான் அழைப்பது வழக்கம் என்பதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். பகல் முழுவதும் அவர் ஓட்டுவார். இரவில் இன்னொருவர் மாற்று ஓட்டுநராக அதே வண்டியை எடுத்துச் செல்வார். இந்த ஏற்பாடு முதலில் எனக்கு முக்கியமாகத் தோன்றவில்லை.

புகார்

நவம்பர் மாதத்தில், பிற்பகல் தோறும் இடிமழை கொட்டும் காலத்தில், அண்ணன் பட்டறைக்கு வந்தார். அவர் சொன்ன குறைகள் நான்கு. மழை பெய்யும்போது முன்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து சாலை தெரியாமல் போகிறது. விடியற்காலையில் விமான நிலையத்துக்குப் போகும்போது மழையே இல்லாமலும் அதே நிலை. பிற்பகலில் தலை கனத்து, கண் செருகுகிறது. வண்டியைக் கிளப்பியவுடன் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தாற்போன்ற ஒரு வாடை வருவதாகப் பயணிகள் குறை சொல்கிறார்கள்.

“கேஸ் குறைஞ்சிருக்கும் தம்பி, கொஞ்சம் நிரப்பிக் கொடு” என்றார். கேஸ் என்று அவர் சொன்னது குளிரூட்டிக்குள் சுற்றிவரும் குளிர்விக்கும் வாயுவை. இதற்கு முன் வேறொரு பட்டறையில் இரண்டு முறை நிரப்பியிருந்ததாகவும், நிரப்பிய பிறகும் குறை தீரவில்லை என்றும் அதே மூச்சில் சொன்னார்.

டாஷ்போர்டின் நடுவில் குளிர்காற்று வரும் வாயிலில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். 7 டிகிரி காட்டியது. குழாய்களின் அழுத்தம் இரு பக்கமும் சரியாக இருந்தது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெசரில் சத்தம் இல்லை. குளிரூட்டியில் குறை இல்லை என்று சொல்லி, கேஸ் நிரப்பாமல் அனுப்பிவிட்டேன். நிரப்பாமல் விட்டது சரியான முடிவு. ஹைபிரிட் வண்டியின் கம்ப்ரெசர் உயர் மின்னழுத்த மோட்டாரால் இயங்குவது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான் வேண்டும். சாதாரணக் கார்களுக்கான பிஏஜி எண்ணெய் கலந்த கருவியை மாட்டிக் கேஸ் நிரப்பினால் மின்காப்புக் கெட்டு, வண்டி ஓடவே மறுக்கும் நிலை வரக்கூடும். குளிர்ச்சி குறையாத வண்டிக்குக் கேஸ் நிரப்பச் சொல்பவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். ஆனால் அனுப்பி வைத்தது தவறு. நான் அளந்தது எல்லாம் இயந்திரத்தை. பொத்தான்களை அவர் எந்த நேரத்தில் எப்படி வைத்துக்கொள்கிறார் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். தீவு விரைவுச்சாலையில் கனமழையில் போய்க்கொண்டிருந்தபோது, பள்ளி விட்டு நனைந்து ஏறிய இரண்டு பிள்ளைகளும் அவர்களுடைய பாட்டியும் பின்னால் இருக்க, முன்கண்ணாடி ஒரு நிமிடத்துக்குள் வெள்ளையாக மூடிவிட்டது. கையால் துடைத்தபடியே ஓட்டியதில் வண்டி தடக்கோட்டைத் தாண்டியிருக்கிறது. பக்கத்துத் தடத்தில் வந்த லாரி ஹாரன் அடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்கும் அடிபடவில்லை. சாலையோரத்தில் நிறுத்தி, கைகளின் நடுக்கம் நின்ற பிறகு என்னை அழைத்திருந்தார்.

அன்று மாலை வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி மூடுவதற்கு முன் என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

மழையில் நடந்தது

அவர் சொன்னதன்படி, மழை பிடித்ததும் கண்ணாடியின் கீழ் விளிம்பில் மெல்லிய ஆவி படர்வதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஏர்கானால்தான் கண்ணாடி குளிர்ந்து ஆவி படிகிறது என்பது அவர் அனுபவத்தில் கண்ட முடிவு. ஆகவே ஏசி பொத்தானை அணைத்தார். காற்றை வீசும் விசிறியான புளோயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காற்று உள்ளேயே சுழலும் பொத்தான், அதாவது காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பொத்தான், எப்போதும் போல அழுத்தியபடியே இருந்தது. அந்தப் பொத்தானை அவர் தொடுவதே இல்லை. வண்டியை வாடகைக்கு எடுத்த நாளில், வெளிக்காற்றை மூடியே வையுங்கள், பெட்ரோல் மிச்சம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிவுரையை நான்கு ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறார்.

இங்கே காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். குளிரூட்டி ஓடும்போது டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மிகக் குளிர்ந்த நிலையில் இருக்கும். அதைத் தொட்டுச் செல்லும் காற்றிலுள்ள நீராவி அதன் மேல் தண்ணீராக ஒட்டி, வழிந்து, வடிகுழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டும். ஆனால் எல்லாத் தண்ணீரும் வடிந்துவிடுவதில்லை. தகடுகளுக்கு இடையில் ஒரு டம்ளர் அளவுக்கு நீர் எப்போதும் தங்கியிருக்கும். கம்ப்ரெசர் ஓடும் வரை அந்த நீரால் தொல்லை இல்லை. கம்ப்ரெசரை நிறுத்தி, புளோயரை மட்டும் ஓட விட்டால், காயில் வெதுவெதுப்பாகத் தொடங்கும்; அதன் மேல் வீசும் காற்று அந்த நீரை ஆவியாக்கி நேராக உள்ளே கொண்டுவந்து கொட்டும். ஒரு நிமிடம் முன்புவரை ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றிய அதே கருவி இப்போது ஈரத்தை உள்ளே தெளிக்கும் கருவியாகிவிடுகிறது.

அதற்கு எவ்வளவு நீர் வேண்டும்? 24 டிகிரியில், ஈரப்பதம் பாதியாக இருக்கும் காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 கிராம் நீராவி இருக்கிறது. அதே வெப்பநிலையில் அந்தக் காற்றால் தாங்கக்கூடியது ஏறக்குறைய 22 கிராம். ஏழிருக்கை வண்டியின் உட்புறத்தை 4 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இன்னும் 44 கிராம் நீர் ஆவியானால் போதும். மழையால் குளிர்ந்த கண்ணாடியில் அது துளிகளாகப் படியத் தொடங்கிவிடும். 44 கிராம் என்பது மூன்று மேசைக்கரண்டி தண்ணீர். காயிலில் தங்கியிருப்பதே அதைவிட அதிகம். அதன் மேல் நான்கு பேருடைய மூச்சு, நனைந்த சீருடைகள், காலடியில் மடக்கி வைத்த குடை ஆகியவை சேர்ந்தன. வெளிக்காற்று வழி மூடி, காற்று உள்சுழற்சியில் இருந்ததால் இந்த ஈரத்துக்கு வெளியேறும் வழியும் இல்லை.

இதை ஊகமாக விடாமல், அடுத்த மழை நாளில் பட்டறையின் முன்றிலில் வண்டியை நிறுத்தி, நாங்கள் நால்வர் உள்ளே அமர்ந்து செய்து பார்த்தோம். இருபது நிமிடம் 22 டிகிரியில் குளிரூட்டி ஓடிய பிறகு, அண்ணன் செய்ததைப் போலவே ஏசியை மட்டும் அணைத்தோம். ஒரு நிமிடத்துக்குள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி மங்கியது. இரண்டாம் நிமிடம் முடிவதற்குள் எதிரே இருந்த தூணே தெரியவில்லை. அவர் கை அனிச்சையாகத் துணியைத் தேடியது. அதைத் தடுத்து, ஏசியைப் போட்டு, காற்று எடுக்கும் வழியை வெளிப்பக்கம் மாற்றி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பச் சொன்னேன். ஆவி கீழிருந்து மேலாக விலகி, சுமார் இரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை.

வண்டியில் முன்கண்ணாடிக்கென்றே தனிப் பொத்தான் ஒன்று இருக்கிறது. விசிறி வடிவக் கண்ணாடியின் மேல் வளைந்த மூன்று அம்புகள் போட்டது. பெரும்பாலான கார்களில் அதை அழுத்தினால் கம்ப்ரெசரும் வெளிக்காற்றும் தாமாகவே இயங்கத் தொடங்கிவிடும். அந்த ஒரு பொத்தானை அழுத்தியிருந்தாலே விரைவுச்சாலையில் அன்று எதுவும் நடந்திருக்காது. ஏன் அழுத்தவில்லை என்று கேட்டேன். “அதை அழுத்தினா இன்னும் மோசமாகும் தம்பி, நான் பார்த்திருக்கேன்” என்றார்.

அவர் பார்த்தது உண்மைதான். ஆனால் அது வேறு நேரத்தில் நடந்த வேறு சங்கதி.

விடியற்காலையில் நடந்தது

சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மழை இல்லாத பிற்பகலில் அது 60 விழுக்காடு வரை இறங்கும். ஆனால் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் பனிநிலை காலையோ மாலையோ ஏறக்குறைய 24 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. குளிர்நாட்டவருக்குக் கார்க் கண்ணாடியின் ஆவி என்றால் உள்ளே படிவதுதான். அவர்களுக்காக எழுதப்பட்ட கையேடுகளும் அதையே முதன்மையாகப் பேசுகின்றன. நம் ஊரில் 24 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எந்தப் பரப்பும் வெளிக்காற்றில் வியர்க்கும். ஐஸ் போட்ட தே ஓ (பாலில்லாத தேநீர்) குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போன்றதே இது.

அண்ணன் காலை ஐந்தரை மணிக்கு வண்டியைக் கிளப்பியதும் குளிரை 18 டிகிரியில் வைப்பார். அரைமணி நேரத்தில் முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் வெள்ளைப் படலம் தோன்றும். அதைப் போக்க முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்துவார். 18 டிகிரிக் காற்று முழுவதும் கண்ணாடியின் மேல் பாயும். கண்ணாடி இன்னும் குளிரும். படலம் மேல் நோக்கி வளரும். துணியால் உள்ளே துடைப்பார், ஒன்றும் ஆகாது. ஆகாததற்குக் காரணம், ஆவி வெளிப்பக்கம் படிந்திருந்தது. மழை பெய்யாததால் வைப்பரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் சலித்துப் போய் ஏசியை அணைப்பார். கண்ணாடி மெல்லச் சூடேறி, வெளியே படிந்த ஆவி தானாக மறையும்.

இந்த அனுபவத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் விடியற்காலைக்கு முழுக்கச் சரி: அந்தப் பொத்தான் கெடுக்கும், ஏசியை அணைத்தால் தீரும். அதை அப்படியே மழைக்கு எடுத்துச் சென்றதில்தான் ஆபத்து நேர்ந்தது. ஏனென்றால் மழையில் ஆவி படிவது உள்ளே. அங்கே ஏசியை அணைப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். ஒரே தோற்றமுள்ள இரண்டு குறைகளுக்கு எதிரெதிரான இரண்டு மருந்துகள் இருக்கும்போது, ஒன்றில் பலித்ததை மற்றொன்றுக்குக் கொடுப்பது மனித இயல்பு. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்தப் பக்கம் ஆவி என்று தெரிந்துகொள்ள ஒரு விரல் போதும். உள்ளே ஒரு கோடு இழுத்து, அது தெளிந்தால் ஆவி உள்ளே. கோடு விழாவிட்டால் வெளியே. வெளியே என்றால் வைப்பரை ஒருமுறை ஓட்டிவிட்டு, குளிரை 25 டிகிரிக்கு ஏற்றி, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்ப வேண்டும். உள்ளே என்றால் ஏசி ஓட வேண்டும், வெளிக்காற்று வர வேண்டும், காற்று கண்ணாடியில் பட வேண்டும். இதிலும் 18 டிகிரி தேவையில்லை. 24 அல்லது 25 டிகிரியில் வைத்தால் காயில் ஈரத்தைப் பிழிந்தெடுத்த பிறகு காற்று சற்றே வெதுவெதுப்பாகி வெளிவருவதால், உள்ளேயும் தெளியும், வெளியேயும் வியர்க்காது.

அவருடைய கண்ணாடியில் இன்னொரு கோளாறும் இருந்தது. உட்புறம் முழுவதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போன்ற படலம் ஒட்டியிருந்தது. வெயிலில் சூடாகும் பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து எழும் ஆவியும், துடைக்கும் கையின் பிசுக்கும் சேர்ந்து உண்டாகும் இந்தப் படலத்தில் துளிகள் எளிதில் பற்றிக்கொள்ளும். எதிர் வண்டியின் விளக்கொளி பட்டால் கண் கூசும். கண்ணாடித் திரவம் கொண்டு சுத்தமான துணியால் இருமுறை துடைத்தோம்.

தலைவலி

இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேச வேண்டியிருக்கிறது. அண்ணன் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமே தூங்குகிறவர். பிற்பகலில் கண் செருகுவதற்கு அதுவே போதிய காரணம். ஆனாலும் வெளிக்காற்று வழியை நான்கு ஆண்டுகள் திறக்காமல் ஓட்டியவரின் வண்டிக்குள் காற்று எப்படியிருக்கிறது என்று பார்க்காமல் விடுவதும் முறையல்ல.

சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். ஆறு பேர் என்றால் 108 லிட்டர். காற்றே புகாத 4 கன மீட்டர் பெட்டியாக இருந்தால், பத்தே நிமிடத்தில் அதன் அளவு 4,500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 4,500 பங்கு) உயர வேண்டும். கார் அப்படி முழுதாக அடைபட்ட பெட்டி அல்ல. ஓடும்போது இடுக்குகள் வழியே கொஞ்சம் காற்று மாறும். எவ்வளவு மாறுகிறது என்று அறிய ஒரு சிறிய அளவியை வாங்கி முன்னிருக்கைக்குப் பின்னால் மாட்டினோம். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலில் நடந்த ஒரு திருமணத்துக்கு அண்ணனின் குடும்பமே போயிருந்த நாள் அது. திரும்பி ஜூரோங் வெஸ்ட்டுக்கு வரும்போது வண்டியில் அவரையும் சேர்த்து ஆறு பேர். புறப்படும்போது கதவுகள் திறந்திருந்ததால் அளவி 600 பிபிஎம்மைக் காட்டியது. உள்சுழற்சியில் பன்னிரண்டாம் நிமிடத்தில் அது 3,500ஐத் தாண்டியது. அரைமணி நேரம் ஆவதற்குள் 5,000ஐ நெருங்கியது. அண்ணி அதற்குள் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். திருமண வீட்டுச் சாப்பாடும் அதற்கு உதவியிருக்கலாம். பிறகு வெளிக்காற்றுக்கு மாற்றியதும் பத்து நிமிடத்துக்குள் 1,200க்குக் கீழே வந்தது.

வெட்டவெளிக் காற்றில் இது 420 பிபிஎம் அளவில் இருக்கிறது. பல நாடுகளில் வேலையிடங்களில் எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்துள்ள உச்சவரம்பு 5,000. ஆக, அண்ணன் நச்சுக்காற்றைச் சுவாசித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுவதும் வெவ்வேறு குடும்பங்களின் மூச்சுக்காற்றையே அவர் சுவாசித்தார் என்பது மறுக்க முடியாத செய்தி. ஏழிருக்கை வண்டிகளில் இன்னொரு விவரத்தையும் கவனிக்க வேண்டும். பின்வரிசைக்கெனத் தனிக் குளிரூட்டி இருந்தால், அது உள்ளிருக்கும் காற்றையே எடுத்துக் குளிர்வித்து விடும். வெளிக்காற்று வருவது முன்பக்கத்து வழியில் மட்டுமே. முன்னால் மூடினால் மூன்றாம் வரிசையில் இருக்கும் குழந்தைக்கும் மூடியதாகவே அர்த்தம்.

அப்படியானால் எப்போதும் திறந்தே வைக்கலாமா? அதற்கும் விலை இருக்கிறது. மூடி வையுங்கள் என்று முதலில் சொன்னவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. நம் ஊர்ப் பகற்பொழுதில் 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கிறது. அதை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 13 கிராம் தண்ணீராக வடியும். குளிரூட்டி செய்யும் மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீரைப் பிழிவதற்கே போகிறது. மணிக்கு 150 கன மீட்டர் வெளிக்காற்றை இழுத்தால் வண்டிக்கு அடியில் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் சொட்ட வேண்டும். ஏற்கெனவே குளிர்ந்து உலர்ந்த உள்காற்றையே சுழற்றும்போது உழைப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. வறண்ட நாட்டில் இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதல்ல, இங்கே பெரிது. தனியாகப் பயணியைத் தேடி ஓட்டும் நேரத்தில் மூடி வைப்பதில் தவறில்லை, இடையிடையே சில நிமிடம் திறந்துவிட்டால் போதும். மூன்று பேருக்கு மேல் ஏறினால் திறந்து வைப்பதே முறை என்பது என் கருத்து.

மூடியே ஆக வேண்டிய இடங்களும் சிங்கப்பூரில் உண்டு. காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நிலத்தடியில் போகிறது. அதன் தென்முனையில் 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட மரினா கரையோர விரைவுச்சாலையும் பெரும்பகுதி சுரங்கம்தான். டீசல் லாரிகளுக்குப் பின்னால் அந்தச் சுரங்கங்களில் நெரிசலில் நிற்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில் பொருளே இல்லை. புகைமூட்ட நாட்களும் அப்படியே. 2013 ஜூன் 21 அன்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டபோது எங்கள் பட்டறைக்கு வந்தவர்கள் அனைவரும் கேட்ட ஒரே கேள்வி, எந்தப் பொத்தான் என்பதுதான். அண்ணனுக்கு மூடத் தெரியாமல் இல்லை. சுரங்கத்தை விட்டு வெளியே வந்த பிறகு திறக்க வேண்டும் என்பது மட்டுமே அவருக்குத் தெரியாது.

வாடையும் ஃபில்டரும்

இது எளிதாகத் தீர்ந்தது. கையுறைப் பெட்டியைக் கழற்றி கேபின் ஃபில்டரை வெளியே எடுத்தபோது அது சாம்பல் நிறக் கம்பளியைப் போல இருந்தது. உள்ளே காய்ந்த இலைகளும் ஒரு பயணச்சீட்டின் துண்டும். புதியது போட்டதும் புளோயரின் இரண்டாம் வேகத்திலேயே முன்பு நான்காம் வேகத்தில் வந்த காற்று வந்தது. வாடைக்கு மூலம் காயிலின் ஈரத்தில் வளர்ந்த பூஞ்சை. நுரை மருந்து அடித்துக் கழுவி, வடிகுழாயை ஊதிச் சுத்தம் செய்தோம்.

ஊர் சேர்வதற்குச் சில நிமிடம் முன்பு ஏசியை மட்டும் அணைத்துப் புளோயரை ஓட விட்டுக் காயிலை உலர்த்த வேண்டும் என்று ஓர் அறிவுரை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது தவறல்ல. ஆனால் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றைக் கொண்டு எதையும் விரைவில் உலர்த்த முடியாது என்பதை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மழைக்காலத்தில் துணி காயப்போட்ட யாரும் அறிவார்கள். மேலும், மழையில் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே அண்ணனிடம், மழை இல்லாத நாளில், வீட்டுப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயிலுக்குச் சற்று முன், வெளிக்காற்று திறந்திருக்கும்போது மட்டும் செய்யச் சொன்னேன். நின்ற பிறகு அதற்காக என்ஜினை ஓட விட வேண்டாம் என்றும் சொன்னேன். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். மூடிய நிறுத்துமிடத்தில் என்ஜின் ஓட, கண்ணாடியை ஏற்றிவிட்டு உறங்கும் பழக்கம் சில ஓட்டுநர்களிடம் இருக்கிறது. அந்தப் புகையிலுள்ள, உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பிறகு

இரண்டு மாதம் கழித்து வண்டியைப் பார்த்தேன். மழையில் கண்ணாடி மூடவில்லை. விடியற்காலையில் ஓரத்தில் மெல்லிய படலம் வருவதாகவும், வைப்பரை ஒருமுறை ஓட்டுவதாகவும் சொன்னார். தலைவலி குறைந்திருக்கிறது, ஆனால் அதே காலத்தில் அவர் மாலை நேர ஓட்டத்தையும் ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டதால், எதனால் குறைந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பெட்ரோல் செலவு கூடியதாக அவர் உணரவில்லை.

ஒரு குறை மட்டும் மீண்டும் வந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் வண்டியை எடுக்கும்போது வெளிக்காற்று வழி மூடியே இருந்தது; இந்த வண்டி, கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை. இரவில் ஓட்டும் மாற்று ஓட்டுநரிடமும், மூடி வைத்தால் பெட்ரோல் மிச்சம் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். இருவரையும் பட்டறைக்கு அழைத்து, மழையில் செய்த அதே சோதனையைத் திரும்பச் செய்து காட்டினோம். இரண்டாம் நிமிடத்தில் தூண் மறைந்தபோது அந்த இரவு ஓட்டுநர், சென்ற மாதம் உட்லண்ட்ஸ் பக்கம் தனக்கும் இதே போல் நடந்ததென்றும், கண்ணாடியில் கோளாறு என்று நினைத்துத் தான் யாரிடமும் சொல்லவில்லையென்றும் மெல்லச் சொன்னார்.